போனதைச் சொன்ன ஜொகரா டீச்சர்

ஜொகரா டீச்சரின் எண்ணிலிருந்து போன மாதம் ஒரு காலையில் வந்த மரணச் செய்தியை நான் நம்பவில்லை. "உம்மா மவுத்தாயிட்டாங்க" என்று மட்டும் இருந்தது. இப்போதெல்லாம் தெரிந்தவர்களின் எண்ணிலிருந்தே பொய் வருகிறது. அடுத்த வரியில் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தலைமை ஆசிரியரை அழைத்து உறுதிசெய்துகொண்ட பிறகுதான், அதை எழுதியது அவருடைய மகள் ரிஸ்வானா என்பது உறைத்தது. ஜொகராவிடம் இதைச் சொல்ல முடிந்திருந்தால், "ஒங்கள்ட்ட மவுத்தாகுறதுக்கும் அத்தாட்சி காட்டணும் போல டீச்சர்" என்று சிரித்திருப்பார்.

சாயல்குடியில் எங்கள் பள்ளியில் அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் தாவரவியல், நான் பொருளியல். ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலிகள்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் டப்பாவை மூடிக்கொண்டே, "எங்க காசு போச்சு டீச்சர், மொத்தமா" என்றார். அறையில் எல்லோருக்கும் கேட்டது. வட்டி இல்லை, லாபப் பங்குதான் என்று சொல்லிப் பணம் வாங்கிய ஒரு கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. கணவர் சவூதியில், தம்மாமில் இருந்து அனுப்பிச் சேர்த்த பணம். ரிஸ்வானாவுக்கு வீடு கட்ட வைத்திருந்தது. கீழக்கரைப் பக்கம் அவர்கள் குடும்பங்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் நிக்காஹ் நடக்கும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். பையன் வீட்டாரோடு அப்போது சம்பந்தமும் பேசி முடித்திருந்தார்கள்.

அவர் வகுப்புக்குப் போனதும் கணக்கு வாத்தியார் சொன்னார்: "இவ்வளவு போச்சுன்னு வாய்விட்டுச் சொல்றாங்கன்னா இன்னும் எவ்வளவு வச்சிருப்பாங்க!" எல்லோரும் சிரித்தார்கள். நான் வேறு மாதிரி நினைத்தேன். அடுத்து என்னிடம் கடன் கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. பிறகு, புதிதாக ஏதோ திட்டத்துக்கு ஆள் சேர்க்கிறாரோ என்று கவனித்தேன். அதுவும் இல்லை. காரணமில்லாமல் ஒருவர் தன் நட்டத்தைச் சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏன் எல்லோரிடமும் சொல்கிறீர்கள் என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். "எங்க சின்னம்மா மவளுக்கு இதே கம்பெனில முன்னாடியே போயிருக்கு. வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லல. சொல்லியிருந்தா நான் போட்டிருப்பனா?" என்றார்.

பையன் வீட்டார் மனை பார்க்க வந்த அன்று என்னையும் அழைத்திருந்தார். "சும்மா ஒக்காந்திருங்க. ஒங்க மூஞ்சியப் பாத்தா யாருக்கும் பொய் சொல்ல வராது. எனக்குந்தான்." அடுப்படியில் கணவரின் குரல் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தது.

"இப்ப சொல்லாத புள்ள. இங்கன கூட்டாளிட்ட வாங்கி அனுப்புறேன். நகைய அடகு வை. அஸ்திவாரம் மட்டும் போட்டுட்டா போதும்."

"போனத மறைக்கக் கடன் வாங்குனா அது ரெண்டாவது தடவ போறது."

"மானம் போயிரும்."

"மானத்த யாரு அந்தக் கம்பெனில போட்டா? காசத்தான போட்டோம்."

முன்னறைக்கு வந்து, சர்பத் கொடுத்துவிட்டு, பையனின் தாயாரிடம் சொல்லிவிட்டார். "வீடு இப்பக் கட்ட ஏலாது மாமி. காசு போயிருச்சு. வாடகை வீட்டுல வாழ ஒங்க மவனுக்குச் சம்மதம்னா பேசுவோம்." அந்த அம்மாள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினார்கள். உள்ளே ரிஸ்வானா, "என் வாழ்க்கையக் கெடுத்துட்டீங்க உம்மா" என்று அழுதாள். ஜொகரா சர்பத் தம்ளர்களைக் கழுவினார்.

பணத்தை எங்கோ ஒளித்துவிட்டு நாடகம் ஆடுகிறார் என்று தெருவில் பேசினார்கள். ரமலானும் கழிந்தது. பிறகு ஒருநாள் அந்தத் தாயார் தனியாக வந்து, வாடகை வீடே போதும் என்று சொல்லிப்போனார். இவ்வளவு எளிதாக யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், பின்னால் ஏதோ இருக்கிறது என்று ஜொகராவை எச்சரித்தேன். "இருக்கட்டும் டீச்சர். அவுங்களாச் சொல்லும்போது கேப்போம்" என்றார். நிக்காஹ் நடந்தது.

அதன்பின் ஆசிரியர் அறைக்கு யார் என்ன திட்டத்தைக் கொண்டுவந்தாலும் ஜொகரா எத்தனை சதவீதம் என்று கேட்டதில்லை. "இது போயிருச்சுன்னா யார்ட்டச் சொல்ல வெக்கப்படுவீங்க? அவுங்கள்ட்ட மொதல்ல கேட்டுட்டுப் போடுங்க" என்பார். இதெல்லாம் முதலீட்டுக்கு அளவுகோல் ஆகாது என்று நான் வாதிட்டேன். "ஒங்க பொருளியல்ல வெக்கத்துக்குப் பாடம் இருக்கா?" என்றார். இல்லைதான்.

ஜொகராவின் மையித்து வீட்டில், துக்கத்துக்கு வந்த பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ரிஸ்வானாவின் மாமியார் திடீரென்று உரக்கச் சொன்னார்: "எங்க காசும் அதே கம்பெனிலதான் போச்சு. மவனுக்குக்கூடத் தெரியாது. அவ வீடு குடுத்தா அத வச்சு எந்திரிச்சிரலாம்னு இருந்தேன். அன்னைக்கு அவ சொன்னா. எனக்கு வாய் வரல." யாரோ ஒருத்தி, இங்கே வைத்தா இதைப் பேசுவது என்று முணுமுணுத்தாள். ரிஸ்வானா தலை நிமிராமல், "பேசட்டும்" என்றாள். வாசலோரம் இருந்த இன்னொரு பெண் மெதுவாக, "எங்களுதும்" என்றாள்.

அவரைப் போல மனிதர்களை நம்ப எனக்கு இனியும் வராது. அவருடைய கேள்வியை மட்டும் வைத்துக்கொள்கிறேன். போன வாரம் சித்தப்பா மகன் போன் செய்தான். மாரியூர்ப் பக்கம் கடலோரமாக மனை போடுகிறார்களாம், இரண்டே வருடத்தில் இரட்டிப்பாம்.

"மச்சானுக்கு இப்பச் சொல்ல வேணாம்க்கா. பத்திரம் முடிச்சிட்டுச் சொல்லிக்கிரலாம்."

"அவரு இங்கனதான் இருக்காரு. நீயே சொல்லு, போனக் குடுக்கேன்" என்றேன்.

அவன் வைத்துவிட்டான்.