இறக்கத்தில் என்ஜின் எதற்கு?

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை. தாப்பா ரோட்டில் என் கார் ஒரு சொட்டு பெட்ரோல்கூடக் குடிக்காமல்... நின்றது. ஆமாம், ஓடவில்லை, நின்றது. நிற்கிற காருக்குப் பெட்ரோல் எதற்கு?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். பெட்ரோல் விலை மறுபடி ஏறியபோது, மிச்சம் பிடிப்பது எப்படி என்று இதே இடத்தில் உங்களுக்குப் பாடம் நடத்தினேன். ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள், டயரில் காற்று குறையவிடாதீர்கள், காரில் வீண் சுமை ஏற்றாதீர்கள் என்றெல்லாம் அளந்துவிட்டு, கடைசியில் என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றையும் சேர்த்தேன். மலைமேல் ரிங்லெட்டிலிருந்து அடிவாரத்துத் தாப்பா வரை இறக்கம்தானே... என்ஜினை அணைத்துவிட்டு உருண்டு போங்கள்! கியரில் உறுமிக்கொண்டு இறங்கும் காய்கறி லாரிகளைக் கிண்டல் வேறு செய்திருந்தேன்.

அதைப் படித்துவிட்டு யாராவது என்ஜினை அணைத்திருந்தால், தயவுசெய்து இதையும் படித்துவிடுங்கள்.

நான் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. கார் என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது. எடை குறைந்தால் பெட்ரோல் குறையும் என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஸ்பேர் டயரை இறக்கினேன். ஜாக்கியை இறக்கினேன். முன்னால் சொருகிச் சுற்றி என்ஜினைக் கிளப்புவோமே, அந்த இரும்புக் கைப்பிடி... அதையும் இறக்கி வீட்டுக்குப் பின்னால் விறகோடு விறகாகப் போட்டேன்.

என் மனைவி சரோஜா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடையக் கொறைக்கணும்னா மொதல்ல ஓட்டறவர எறக்குங்க" என்றாள்.

மேதைகளை வீட்டில் யார் மதித்தார்கள்?

தோட்டத்தில் கார் வைத்திருப்பவனுக்கு ஒரு கடமை உண்டு. யார் தும்பாங் கேட்டாலும் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஓசிச் சவாரிக்கு இங்கே அதுதான் பெயர். மாட்டேன் என்று சொன்னவன் மறுநாள் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துப் பக்கம் தலைகாட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முனியம்மா வீட்டுக்கு வந்தார். கொழுந்து பறிப்பவர். அவர் மகள் பார்வதிக்குத் தாப்பாவில் தாதிப் பயிற்சிக்கு இண்டர்வியூ. எங்கள் லயத்திலிருந்து அப்படிக் கூப்பிடப்பட்ட முதல் பெண் அவள்தான். பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்த வருடம்தான் என்று சொல்லிவிட்டார்களாம். பஸ்ஸை நம்பிப் போக முனியம்மாவுக்குப் பயம்.

"நானிருக்க பஸ் எதுக்கு?" என்றேன். உண்மையைச் சொல்வதானால், என் கண்டுபிடிப்பைப் பார்க்க இரண்டு பேர் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

காலையில் ஒரே பனிமூட்டம், கூடவே தூறல். ரிங்லெட்டைத் தாண்டி இறக்கம் பிடித்ததும் என்ஜினை அணைத்தேன். கார் பூனைபோல் இறங்கியது. காற்றுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

பின்சீட்டிலிருந்து முனியம்மா கவலையாகக் கேட்டார்: "ஐயா, காரு செத்துப்போச்சா?"

விளக்கினேன். இறக்கம் எப்படி இலவசம், லாரிக்காரர்கள் எப்படி எண்ணெயைக் கரியாக்குகிறார்கள்... அந்த நேரம் பார்த்து முன்னால் முட்டைக்கோஸ் லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது. சத்தமே இல்லாமல் அதைத் தாண்டினேன். அந்தப் பெருமையை எப்படிச் சொல்ல?

பனிமூட்டம் என்பதால் விளக்கு எரிந்தது. தூறல் என்பதால் வைப்பர் ஆடியது. இந்த ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடிக்க வேண்டும் — எதிரில் வருபவன் பதிலுக்கு அடிப்பான், பிறகுதான் திரும்புவோம். மலையில் ஓட்டுகிற எல்லோருக்கும் அது கைப்பழக்கம். இங்கே நேரான ரோடு ஏது? வளைவுக்கு வளைவு அடித்தேன். எல்லாம் பாட்டரியிலிருந்து. என்ஜின் ஓடினால்தானே பாட்டரி மறுபடி நிரம்பும்? என் பாடத்தில் அந்தப் பக்கம் விட்டுப்போயிருந்தது.

(இறக்கத்தில் உருளும்போதே பாட்டரி தானாக நிரம்புகிற காரை எந்தப் புண்ணியவானாவது கண்டுபிடித்தால் முதல் ஆளாக வாங்குவேன். நடக்கிற கதையா என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது.)

பாதி மலை இறங்கியிருப்போம். பார்வதி மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, கொஞ்சம் நிப்பாட்டுறீங்களா? ஒமட்டுது."

புத்தியுள்ளவன் என்ன செய்வான்? நிறுத்துவான். நான் யோசித்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன மேடு வரும். இந்த வேகத்திலேயே போனால் என்ஜின் இல்லாமல் அதை ஏறிவிடலாம். இங்கே நிறுத்தினால் இதுவரை சேர்த்த வேகமெல்லாம் வீண்... என்ஜினைப் போட வேண்டியிருக்கும்.

"அந்த மேட்டத் தாண்டிருவோம்மா. கொஞ்சம் பொறுத்துக்க."

பொறுத்துக்கொண்டாள். நாலைந்து வளைவு தாண்டி மறுபடி கேட்டாள். மறுபடி அதையே சொன்னேன். முனியம்மா தோளில் கிடந்த துண்டை எடுத்து மகளின் வாயருகே பிடித்துக்கொண்டார்.

மேட்டை ஏறிவிட்டேன்! மேட்டுக்கு அப்பால் சமதரை. கார் தானாக வேகம் குறைந்து நின்றது. பார்வதி கதவைத் திறந்துகொண்டு ஓடி, ரோட்டோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். இண்டர்வியூவுக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையில் படாமல் முனியம்மா அவளைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். அசையவே இல்லை.

அவர்கள் வந்து உட்கார்ந்ததும் ஸ்டார்ட்டரை அழுத்தினேன். 'டிக்' என்றது. மறுபடியும் 'டிக்'. ஹார்னை அழுத்தினேன், சளி பிடித்த கிழவர்போல் ஒரு முனகல். கைப்பிடியைப் போட்டுச் சுற்றலாம் என்று இறங்கிய பிறகுதான் அது விறகோடு கிடப்பது ஞாபகம் வந்தது. இறக்கத்தில் நின்றிருந்தாலாவது உருட்டிக் கிளப்பியிருக்கலாம். இது சமதரை... நானே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சமதரை.

தள்ளினார்கள். அதாவது முனியம்மா தள்ளினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் ஆயிற்றே. பார்வதியும் கைகொடுக்க வந்தாள். சட்டை அழுக்காகிவிடும் என்று முனியம்மா அதட்டி நிறுத்தினார். ஒற்றை ஆள் தள்ளி அந்தக் கார் கிளம்புமா?

பார்வதி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். இந்தப் பெண்ணின் ஒரு வருடம் என் பெட்ரோல் ஆசையில் போகப்போகிறதே! அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

தூரத்தில் ஒரு உறுமல் கேட்டது. கியரில் இறங்கிவரும் லாரி. முட்டைக்கோஸ் லாரியேதான்! முனியம்மா ரோட்டின் நடுவில் போய்க் கையைக் காட்டினார். ஓட்டிவந்தவர் லெம்பா பெர்த்தாம் ஊர்க்காரர் மணியம், எனக்குத் தெரிந்தவர்தான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். நல்லவேளை, என் பத்தியை அவர் படிப்பதில்லை... அல்லது படித்துவிட்டுச் சும்மா இருந்தாரோ என்னவோ.

"முன்னால ரெண்டு பேருக்கு எடமிருக்குலா. ஏறுங்க."

ஏறும் முன் பார்வதி திரும்பிப் பார்த்தாள். "நீங்க தனியா நிப்பீங்களே, ஐயா?"

திட்டியிருக்கலாம் அவள். அதைத் தாங்கியிருப்பேன்.

பிறகு அந்த வழியாக மூங்கில் வெட்டப் போன நாலு பேர் சிரித்துக்கொண்டே தள்ளிவிட, கார் இருமி இருமி உயிர் பெற்றது. தாப்பாவில் என்ஜினை அணைக்கவே பயந்து, டீக்கடை வாசலில் ஓடவிட்டே அவர்களுக்காகக் காத்திருந்தேன். மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே புகையாய்ப் போனது. சாமி, இது வேண்டும் எனக்கு.

பெயரைக் கூப்பிட்டபோது பார்வதி சரியாக வாசலில் கால் வைத்தாளாம். திரும்பும்போது வளைவுக்கு வளைவு, "ஒமட்டுதாம்மா? நிப்பாட்டவா?" என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்று சிரித்தாள். உள்ளே என்ன கேட்டார்கள் என்றேன்.

"நோயாளி ஒடம்புக்கு முடியலன்னு சொன்னா மொதல்ல என்ன செய்வேன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கையில என்ன வேல இருந்தாலும் அத நிப்பாட்டிட்டு, அவங்க சொல்றதக் கேப்பேன்னு சொன்னேன்."

நல்ல பதில் என்று அவர்கள் தலையாட்டினார்களாம். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். காது சுட்டது.

இந்த வாரம் ஆபீஸுக்குப் போன் வந்தது. பார்வதியை எடுத்துக்கொண்டார்கள்! லயம் முழுக்க ஒரே சந்தோஷம். முனியம்மா கிண்ணம் நிறையக் கேசரி கொண்டுவந்தார். சரோஜா எனக்குப் பாதிதான் வைத்தாள், எடை குறைக்க வேண்டுமாம். கைப்பிடி, ஜாக்கி, டயர் எல்லாம் காரில் பழைய இடத்துக்குப் போய்விட்டன. பெட்டி படுக்கையோடு பயிற்சிக்குப் போகும் நாளில் நானே கொண்டுபோய் விடுகிறேன், மலை முழுக்க என்ஜின் ஓடும், இது சத்தியம் என்று பார்வதியிடம் சொன்னேன்.

அவள் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள்:

"பரவாயில்லீங்க ஐயா, பஸ்ஸிலயே போயிக்கிறேன். அதுல மணியடிச்சா நிப்பாட்டுவாங்க."