நாங்கள் காசிக்குப் போகவில்லை

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கோவில்பட்டி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துவிட்டதால், அதை இங்கே எழுதப் போவதில்லை. அண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே அண்ணனும் மதினியும் காலேஜுக்குப் போகிற அவர்களுடைய இரண்டு பையன்களும்.

மதுரையில் ஒரு குழு வருஷா வருஷம் இமயமலைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறது என்று பேப்பரில் பார்த்தேன். அந்த வருஷம் இமாசலப் பிரதேசம். பஸ் போகிற ஊர்களையெல்லாம் தாண்டி, நாள் கணக்கில் நடந்து போனால் மலை உச்சியில் ஏரிகள் இருக்கின்றன, கோடையில் இடையர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு அங்கே ஏறிப் போவார்கள் என்று போட்டிருந்தது. பெயர் கொடுத்துவிட்டுத்தான் வீட்டில் சொன்னேன்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாரைப் பாக்கப் போற?"

"ஏரி பாக்க. அப்புறம் அங்கன ஆடு மேய்க்கிறவியளையும் பாக்கலாம்."

அண்ணன் சோற்றிலிருந்து கையை எடுத்தார். எங்கள் குடும்பம் ஆட்டுக்கிடை போட்ட குடும்பம். அறுப்பு முடிந்த நிலங்களில் ஊர் ஊராக மந்தையை அடைத்து, ராத்திரி அங்கேயே படுத்து, உரத்துக்குக் கூலி வாங்கிப் பிழைத்தவர்கள். அண்ணன் அதிலிருந்து வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் புண்ணாக்கு, தவிட்டுக் கடை போட்டார். அவரை யாரும் ஆட்டுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. சொன்னால் அவர்களுக்குக் கடையில் சரக்கு கிடையாது.

"நம்ம தாத்தா ஆட்டுக்குப் பின்னால நடந்தாரு. அப்பா நடந்தாரு. நாம நடக்கக் கூடாதுன்னுதான் நான் இந்தப் பாடு படுதேன். நீ லீவு எழுதிக் கொடுத்துட்டு ஆட்டுக்குப் பின்னால நடக்கப் போறியாட்டி?"

"ஆமா."

"ஒத்தப் பொம்பளையை அம்புட்டுத் தூரம் அனுப்ப முடியாது. பேச்சு முடிஞ்சிட்டு."

மதினி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். கழுகுமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். கல்யாணம் ஆகும்வரை தன் அப்பாவின் கிடையோடு நடந்தவர். அதை இந்த வீட்டில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அண்ணனுக்குப் பிடிக்காது. மதினி தெற்கே திருச்செந்தூர், வடக்கே மதுரை, அதற்கு மேல் போனதில்லை. கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"அப்ப ரெண்டு பொம்பளையா போறோம்."

"நீ என்ன சொல்லுத?"

"ஒத்தையில போகக் கூடாதுன்னுதான சொல்லுதிய? அதான் நானும் போறேங்கேன்."

"பயலுவளுக்கு யாரு சோறு பொங்குவா?"

"மீசை முளைச்சிட்டு. பொங்கிக்கிடுவானுவ."

அண்ணன் எங்களை ரயிலேற்ற வரவில்லை. பெரியவன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

மதுரை, மெட்ராஸ், டெல்லி, பதான்கோட். கடைசி ரயிலிலிருந்து இறங்கியதும் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து கடைக்கு போன் போட்டேன். அண்ணன் நலம் விசாரிக்கவில்லை.

"இங்கன எல்லார்ட்டயும் நீங்க காசிக்குப் போயிருக்கியன்னு சொல்லியிருக்கேன். வந்ததும் அப்படியே சொல்லிருங்க. மானத்தை வாங்கிராதிய."

வெளியே வந்து மதினியிடம் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பஸ் ஏறிய பிறகுதான், "காசிக்குன்னா போகலாமாம்" என்றார்.

பஸ் போய் நின்ற ஊரிலிருந்து நடை. முதலில் தேவதாரு மரங்கள், பிறகு வெறும் புல், அதற்கு மேல் புல்லும் இல்லை, பாறை. குழுவில் பத்துப் பதினைந்து பேர். தலைவர் மதுரைக்காரர், நிறைய மலை ஏறியவர். கிளம்பும்போதே மதினியின் சேலையைப் பார்த்து, "இதோட எப்படிம்மா?" என்றார். மதினி சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, அடியில் கம்பளிக் கால்சட்டையும் காலில் கேன்வாஸ் ஷூவும் போட்டிருப்பதைக் காட்டினார்.

உண்மையில் திணறியது நான்தான். ஆசைப்பட்டு வந்தவளுக்குத் தலை இடித்தது, வாந்தி வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தே பழகிய உடம்பு. மதினி எனக்கு முன்னால் போய்ப் போய் நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி நடப்பார். வாய் திறந்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்கு அதுவே கோபமாக வந்தது.

மலைச்சரிவில் ஒரு புல்வெளியில் கூடாரம் போட்ட அன்று மந்தையைப் பார்த்தோம். முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு சரிவு முழுக்க வெள்ளையும் கறுப்புமாக ஆடுகள் இறங்கின. கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டையோடு நாய்கள். கம்பளி அங்கியும் இடுப்பில் சுற்றிச் சுற்றிக் கட்டிய கறுப்புக் கம்பளிக் கயிறுமாக ஒரு இடையர், அவர் மனைவி. அங்கிக்குள்ளிருந்து ஒரு குட்டியின் தலை எட்டிப் பார்த்தது.

மதினி நேரே அவர்களிடம் போனார். தடுக்க எனக்குத் தோன்றவில்லை. டிரங்க்கால் போடுகிற அளவு இந்திதான் எனக்குத் தெரியும்: "லைன் பிஸி", "நம்பர் சொல்லுங்க", "காத்திருங்க". மதினிக்கு அதுவும் தெரியாது. ஓர் ஆட்டின் காதைப் பிடித்து, அதில் அடையாளத்துக்காக வெட்டியிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, தன் காதைத் தொட்டு, தெற்கே கையை நீட்டினார். எங்கள் ஊரிலும் காது வெட்டுவோம் என்று சொன்னார். அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வேறொரு ஆட்டைப் பிடித்து, அதன் வெட்டைக் காட்டினார். உப்புப் போட்ட டீ கொடுத்தார்கள். மதினி கிடையில் குரல் கொடுக்கிற மாதிரி நாக்கைச் சுழற்றி ஆடுகளைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் திரும்பவில்லை. "தமிழ் தெரியாத மூதேவிய" என்று திட்டினார்.

மறுநாள் காலை அந்த அம்மாள் ஓடைக்கரையில் தலையை அவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் குழுவில் ஒருவர் கேமராவோடு போய் நின்றார். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பினார். இவர் அந்தப் பக்கம் சுற்றிப் போனார். அவர் முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இவர் குனிந்து பார்த்தார்.

மதினி போய் இருவருக்கும் நடுவில் நின்றார்.

"எடுக்கணும்னா என்னைய எடுங்க, அண்ணாச்சி."

"நீங்க நகருங்க. இது அபூர்வமான படம்."

"எங்க அம்மையும் கிடையில இப்படித்தான் தலை முழுகுவா. யாரும் வந்து எட்டிப் பாத்தா எங்க அப்பா கம்பை எடுப்பாரு. இங்கன அவரு இல்ல. நான் இருக்கேன்."

கேமராக்காரர் போய்விட்டார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு மதினி மேல் வருத்தம். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, இருபது வருஷமாக ஒரே வீட்டில் நான் யாரோடு இருந்திருக்கிறேன் என்று.

சாயங்காலம் தலைவர் எங்கள் கூடாரத்துக்கு வந்தார். மறுநாள் கணவாய் ஏற வேண்டும். "இவங்களால முடியாதும்மா" என்று என்னைக் காட்டி மதினியிடம் சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் சமையல்காரரோட இங்க இருங்க. நாங்க ஏரியப் பாத்துட்டு இந்த வழியாத்தான் திரும்புவோம்." அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் காலையில் நடந்ததும் அவர் குரலில் இருந்தது.

"பாறை வழுக்கும்" என்றார்.

"ஐப்பசி மாசம் எங்க ஊருக்கு வாங்க" என்றார் மதினி. "கரிசல் சகதியில காலை வச்சா ஒவ்வொரு காலும் ஒரு மூட்டை கனம் கனக்கும். அதுல நடந்தவிய நாங்க. இது கல்லு. காலைப் பிடிச்சு இழுக்காது."

"நான் வாரேன்" என்றேன் நான். "மெதுவா வருவேன். ஆனா வாரேன். எனக்காக யாரும் நிக்க வேண்டாம்."

விடியும்போதே மந்தை கிளம்பியது. இடையர்களும் அதே கணவாயைத் தாண்டித்தான் போனார்கள். நாங்கள் குழுவை விட்டுவிட்டு மந்தையின் பின்னால் ஏறினோம். ஆடு ஏறுகிற வேகம் எனக்குச் சரியாக இருந்தது. அது நிற்கும், மேயும், ஏறும். நானும் நின்றேன், மூச்சு வாங்கினேன், ஏறினேன். ஆட்டுப் புழுக்கையை மிதித்துக்கொண்டு, அண்ணன் எதைச் செய்யக் கூடாது என்றாரோ அதைத்தான் அடி பிசகாமல் செய்துகொண்டிருந்தேன். கணவாயில் எங்களைப் பார்த்ததும் தலைவர் ஃபிளாஸ்க்கை நீட்டினார்.

அந்தப் பக்கம் ஏரிகள். ஒன்றுக்குக் கீழே ஒன்றாகக் கிடந்தன. பெரியதில் இன்னும் பனிக்கட்டி மிதந்தது. தண்ணீர் கறுப்பா நீலமா என்று சொல்ல முடியவில்லை. எங்கள் பக்கம் கண்மாய் என்றால் பாதி வருஷம் ஆடு மேய்கிற தரைதான். தெருக்குழாயில் தண்ணீர் விடுகிற நாளில் குடங்களோடு நாங்கள் போட்ட சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். மதினி ஷூவைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் அளவு தண்ணீரில் இறங்கினார். குளிரில் உடம்பு தூக்கிப்போட்டது, ஆனாலும் ஏறவில்லை. கும்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"இம்புட்டுத் தண்ணிய யாருக்கும் எட்டாத இடத்துல கொண்டாந்து வச்சிருக்கான் பாரு" என்றார். கண் கலங்கியிருந்தது. "பாவிப்பய."

நாங்கள் ஊர் திரும்பியபோது வீட்டில் ஆட்கள் காத்திருந்தார்கள். தெருப் பெண்கள், அண்ணனின் கடைக்குப் பழக்கமான கடலை வியாபாரியின் வீட்டம்மா, கடம்பூரிலிருந்து போளி வாங்கிக்கொண்டு வந்திருந்த எங்கள் அத்தை. கங்கைத் தண்ணீருக்குச் சிலர் செம்பு கொண்டுவந்திருந்தார்கள். ஒரு கிழவி மதினியின் காலைத் தொடக் குனிந்தார். மதினி பதறிப்போய் அவரைத் தூக்கி நிறுத்தினார். அண்ணன் வாசலில் நின்று எங்களையே பார்த்தார்.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. சமாளித்திருக்கலாம். மதினி சொல்லிவிட்டார்.

"நாங்க காசிக்குப் போகல. மலைக்குப் போனோம். ஏரி பாத்தோம். ஆடு மேய்க்கிறவிய கூட இருந்து டீ குடிச்சோம். தண்ணி ஒண்ணும் கொண்டாரல."

அத்தைதான், "கோயிலு ஏதாவது?" என்று இழுத்தார்.

"கோயிலுக்கும் போகல. சும்மாதான் போனோம்."

ஒவ்வொருவராகச் செம்பை எடுத்துக்கொண்டு போனார்கள். கடலை வியாபாரியின் வீட்டம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் போன பிறகு, "குளிரு எப்படி இருந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு நாங்கள் பொழுது சாயும்வரை சொல்லிக்கொண்டிருந்தோம்.

அண்ணன் எங்களோடு பேசாமல் இருந்தார். கடையில் அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை; கேட்பார்கள் என்று அவர்தான் பயந்துகொண்டிருந்தார். ஆடி கழிந்து ஒரு நாள், கழுகுமலைப் பக்கமிருந்து வந்த ஒரு கிடைக்காரர் தவிடு வாங்கும்போது, "நம்ம புள்ளைய ரெண்டும் மலையில போயிக் கிடையப் பாத்துட்டு வந்துச்சாமே, அண்ணாச்சி" என்று மகிழ்ச்சியாகச் சொல்லியிருக்கிறார். அண்ணன் அவருக்குச் சரக்கு இல்லை என்று சொல்லவில்லை. அதை எங்களிடம் சொன்னவன் கடைப் பையன் அல்ல. அண்ணனே வந்து சொன்னார், சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, யாரிடமோ பேசுகிற மாதிரி.

அடுத்த வருஷம் வேறொரு மலைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். மதினிக்கு மூட்டுவலி, வரவில்லை. நான் மட்டும் போனேன். அண்ணனிடம் கேட்கவில்லை. கிளம்புகிற தேதியைச் சொன்னேன். அவர், "எத்தனை மணி வண்டி?" என்றார்.