காரணம் கேட்ட கிரேஸ் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பீட அலுவலகத்து லிகிதர் தொலைபேசியில், "சேர், கிரேஸ் மிஸ் மோசம் போயிட்டா" என்றார். ஞாயிற்றுக்கிழமைதான் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்திருந்தேன்; எதிர்பார்த்த மரணச் செய்திதான். ஆனாலும் கையிலிருந்த தாளை மறுநாள் முதலிலிருந்து திருத்த வேண்டியிருந்தது.

எங்கள் கலைப்பீடத்தில் மெய்யியல் படிப்பித்த கிரேஸ் அக்காவை உங்களில் பலர் என்னைவிட நீண்ட காலம் அறிவீர்கள். மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர்களின் மகள். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போவார்; திங்கட்கிழமை வகுப்பில், கடவுள் இல்லை என்பவனின் வாதத்தை அவனைவிட நன்றாக எடுத்துச் சொல்வார். பொருளியல்காரனான நான் பதினாறு வருடம் அவருடைய அடுத்த அறையில் இருந்தேன். அவருக்கு எதிராக நான் கைதூக்கிய நாளைப் பற்றித்தான் இந்த நினைவு மலரில் எழுதவேண்டும்.

முதலாம் வருட மாணவர் எல்லோருக்கும் ஒரு பொதுப்பாடம் இருந்தது. எந்தத் துறைக்குப் போகிறவரும் கொஞ்சம் தர்க்கம், கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் விஞ்ஞானம் படித்துவிட்டே போகவேண்டும். தன் துறைக்கு வெளியேயும் யோசிக்கத் தெரிந்தவரே பட்டதாரி என்பது பீடத்தைத் தொடங்கியவர்களின் எண்ணம். போர்க்காலத்திலும் அந்தப் பாடம் நிற்கவில்லை என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அதை நிறுத்திக் கணினிப் பயிற்சி வைக்கலாம் என்று பீடக் கூட்டத்தில் பிரேரணை வந்தது.

கிரேஸ் அக்கா எழும்பினார். "தங்களுக்கு ஆரும் பொய் சொன்னா அதைப் பிடிக்கப் பிள்ளையளுக்குத் தெரியோணும். அதைப் படிப்பிக்கத்தானே இந்தப் பீடம் இருக்கு?"

வாக்கெடுப்பில் நான் பிரேரணைக்கு ஆதரவாகக் கைதூக்கினேன். அவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். பாடம் போயிற்று.

மறுநாள் காலை என் அறைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்றே நினைத்தேன்.

"நீர் யோசியாமல் கை தூக்கிற ஆள் இல்லை. ஏன் தூக்கினனீர்?"

"அக்கா, கொக்குவிலிலை என்ரை தமக்கையின்ரை மகள் இருக்கிறாள். இஞ்சைதான் பட்டம் எடுத்தவள். நாலு வருஷமா வேலை இல்லை. அவளின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு தர்க்கத்தைப் பற்றிக் கதைக்க எனக்கு வாய் வராது."

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். பிறகு, "அந்தப் பிள்ளையோடை நான் கதைக்கலாமோ?" என்றார்.

அந்தச் சனிக்கிழமையே ஸ்கூட்டரில் கொக்குவிலுக்குப் போனார். மருமகள் அவரிடம் சொன்னது இது: "மூண்டு வருஷமும் நோட்ஸ் எழுதினனான், மிஸ். நீ என்ன நினைக்கிறாய் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

திரும்பி வந்தவரின் முகம் வாடியிருந்தது. "பிழை என்னிலையும் இருக்கு. பொதுப்பாடத்திலை நானும் நோட்ஸ்தானே குடுத்தனான்."

அதன்பின் ஒரு வருடம் இருந்து அந்தப் பாடத்தைப் புதிதாக எழுதினார். விரிவுரை பாதி நேரம். மீதி நேரம் மாணவர்கள் எழும்பித் தங்கள் நியாயத்தைச் சொல்லவேண்டும். மீண்டும் கூட்டத்துக்குக் கொண்டுவந்தபோது வழிமொழிந்தவன் நான். இரண்டே வாக்கு வித்தியாசத்தில் பாடம் திரும்பி வந்தது. மருமகளுக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் பிறகு தானே தேடி ஓர் அச்சகத்தில் சேர்ந்தாள். கிரேஸ் அக்கா அதையும் மறைக்காமல் வகுப்பில் சொல்வார்.

பீடத்தின் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை எழுதியவரும் அவர்தான். அதில் என்னுடைய மறுப்பை ஒரு முழுப்பக்கத்துக்கு, தன்னுடைய வாதத்துக்கு முன்னால் வைத்திருந்தார். "இதையெல்லாம் மலரிலை போடுறதே?" என்று ஒருவர் கேட்டார்.

"சண்டை பிடிச்சதையும் எழுதினாத்தானே அது வரலாறு" என்றார் அக்கா.

ஆஸ்பத்திரியில் அந்த ஞாயிற்றுக்கிழமை, பாடத்தை இனி யார் எடுப்பது என்று கேட்டார். நானே எடுப்பதாகப் பீடத்தில் கேட்டிருக்கிறேன் என்றேன். "பொருளியல்காரனோ?" என்று சிரித்தார். "நல்லம்."

திங்கட்கிழமை காலை எட்டு மணி வகுப்பு இப்போது என்னுடையது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். முதல் நாளே பின்வரிசை வாங்கில் இருந்த ஒரு பெண் எழும்பி, "சேர், நீங்கள் சொன்னது பிழை" என்றாள். ஏன் என்று கேட்டேன். நிறுத்தாமல் சொன்னாள். அவள் சொன்னதுதான் சரி.