மேற்படி தோட்டம்

எட்டு வயதில் எங்கள் வீட்டிலேயே அதிகம் படித்தவள் நான்தான். அம்மா ஒன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பா மலாய்ப் பள்ளியில் படித்தவர். தமிழ் எழுத்து அவருக்கு வெறும் கோலம். ஆகவே கல்யாணப் பத்திரிகையோ கோயில் நோட்டீஸோ, எது வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். நானும் டீச்சர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஆரம்பிப்பேன். அவ்வளவு திமிர்.

அலோர் காஜா பேருந்து நிலையத்தில் கச்சாங் பூத்தே வண்டிக்காரர் ஒருவர் இருந்தார். வறுத்த கடலையைப் பழைய பத்திரிகைத் தாளில் பொட்டலம் சுற்றித் தருவார். அன்று எனக்கும் தம்பிக்குமாக ஒரே தாளைக் குறுக்கே கிழித்து இரண்டாக்கினார். தம்பி தன் பங்கை நாலே வாயில் தின்றுவிட்டு அழத் தொடங்கினான். அவன் வாயை அடைக்க, அவனுடைய தாளில் கப்பல் செய்து சாக்கடையில் விட்டேன். மழைத் தண்ணீரில் அது ஜோராகப் போயிற்று. இரண்டு பேரும் கைதட்டினோம்.

பிறகுதான் என் தாளைப் பிரித்தேன். வரிசையாக நிற்கும் பெண்களின் படம். அதில் ஒருத்தி அச்சு அசல் அம்மா. பக்கத்தில் நின்ற அம்மாவிடம் காட்டினேன். அம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“அக்காடி. எங்க அக்கா.”

பெரியம்மா நான் பிறப்பதற்கு முன்பே, பிடித்தவரோடு வீட்டைவிட்டுப் போனவர். தாத்தா இருந்தவரை அவர் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது. தாத்தா போன பிறகு தேடினால், எங்கே இருக்கிறார் என்று சொல்ல ஒருவருமில்லை.

“எந்த எஸ்டேட்டுன்னு போட்டிருக்கா, பாரு!”

தொண்டையைச் செருமினேன். பெரியம்மாவின் பெயர் இருந்தது. அதற்கு முன்னால், ‘மேற்படி தோட்டத்தில் தையல் பயின்ற மாதர்கள்’ என்று இருந்தது.

“மேற்படி தோட்டம்மா,” என்றேன், கணீரென்று.

அதன் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. குருபோங்கில் லோரி ஓட்டிய அப்பா, சரக்கு இறக்கும் இடத்திலெல்லாம் விசாரித்தார். தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிடுவது இன்னொன்று. அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. “மேப்படி எஸ்டேட்டா? சிகாமட் பக்கம்லா” என்றார் ஒருவர். இன்னொருவர் அங்கே கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டதாகவே சொன்னார். அம்மா அக்காவுக்கென்று நீலச் சேலை ஒன்று வாங்கி அலமாரியில் வைத்தார். எனக்கும் ஒரே பெருமை. கண்டுபிடித்தவள் நானல்லவா!

கடைசியில், தோட்ட ஆபீசில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி ஒருவருக்குச் சுற்றுவட்டாரத் தோட்டமெல்லாம் அத்துப்படி என்று கேள்விப்பட்டு, அம்மா எங்களையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். குடும்பக் கதை ஊர் வாயில் விழ வேண்டாம் என்று அதுவரை யாருக்கும் காட்டாத தாளை அவரிடம்தான் முதலில் கொடுத்தார். கிராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். தாளின் கிழிந்த மேல் ஓரத்தை விரலால் தடவினார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி வாசலில் மீன்தொட்டிக்குள் கையை விட்டான். அம்மா எழுந்து ஓடினார்.

“இதோட மேல் பாதி எங்க பாப்பா?” என்று கிராணி என்னைக் கேட்டார், மெதுவாக.

“அதுல கப்பல் செஞ்சி லோங்காங்ல விட்டுட்டேன் தாத்தா. ரொம்பத் தூரம் போச்சு!”

“அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினது யாரு?”

“நான்தான்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வந்து உட்கார்ந்ததும், “அந்த எஸ்டேட்ட எப்பவோ வித்துட்டாங்கம்மா. ஆளுங்க ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க” என்றார். பெரியம்மாவின் பெயரைக் குறித்துக்கொண்டு, விசாரித்துச் சொல்வதாகவும் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். புறப்படும்போது கிராணி என் தலையைத் தடவி, கை நிறைய பிஸ்கட் கொடுத்தார்.

அவர் விசாரித்திருப்பார். ஆனால் தகவல் எதுவும் வரவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பத்திரிகைக் கட்டுகளைத் தேடிப் பிடித்துப் புரட்டுகிறேன். எந்தப் பத்திரிகை, எந்த இதழ் என்று தெரியாமல் அந்த ஒரு பக்கத்தைத் தேடுவது பைத்தியக்காரத்தனம்தான். பக்கத்துக்குப் பக்கம் மேற்படி. மேற்படி கூட்டத்தில் தேநீர் வழங்கப்பட்டது. மேற்படி மணமக்கள் நீடூழி வாழ்க. மேற்படி பாம்பு அடித்துக் கொல்லப்பட்டது. மேலே சொன்ன கூட்டம், மேலே சொன்ன மணமக்கள், மேலே சொன்ன பாம்பு. அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். இந்தத் தேடல் தொடங்கும் முன்பு ஒருநாள், முதன்முதலில் அந்தப் பாம்பைப் படித்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் ஞாபகம் வந்துவிட்டது. தோட்டத்தின் பெயர் மேலே இருந்திருக்கிறது. மேலே இருந்ததைத்தான் நான் கைதட்டி வழியனுப்பி வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. போன வாரம்கூட, என் மகன் கைப்பேசியில் வழி பார்த்துக்கொண்டிருந்தபோது, “அதுல மேப்படி எஸ்டேட்டுன்னு போட்டுப் பாருய்யா” என்றார். நீலச் சேலை இன்னும் அலமாரியில் இருக்கிறது.

அன்று கிராணி வீட்டிலிருந்து திரும்பும் பேருந்தில் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே கேட்டேன்: “தம்பிய விட்டுட்டு கிராணித் தாத்தா என் தலைய மட்டும் ஏம்மா தடவுனாரு?”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நீ நல்லா வாசிக்கிறல்ல, அதான்.”

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.