ஷஃபான் முப்பது

இதை எழுதாமலே விட்டிருப்பேன். காயல்பட்டினத்தில் பெருநாள் மலர் போடுகிற யாசீன் ஆறாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சுக்காரன். ‘வெளியூரில் இருக்கிறவர்கள் ரமலானுக்கு முன்கூட்டியே எப்படித் தயாராகிறார்கள் என்று நாலு பக்கம் எழுது மச்சான்’ என்று வாய்ஸ் அனுப்பியிருந்தான். பதிலுக்கு ஒரு சிரிக்கிற பொம்மையை அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன் நான். கடைசியாக நான் நாலு பக்கம் எழுதியது தலைமையாசிரியருக்கு எழுதிய மன்னிப்புக் கடிதம். அதிலும் இரண்டு பக்கம் யாசீன் எழுதியது. ஆனால் நேற்று மாலை நடந்ததற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அதனால் கொழும்பில், கொட்டாஞ்சேனை மாடி அறையில், நோன்பு வயிற்றோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரு தட்டிலிருந்து தொடங்குகிறேன். என் அறைக்குக் கீழே ரீட்டா அக்காவின் வீடு. கத்தோலிக்கக் குடும்பம். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, இரண்டு மகள்கள். வாடகையோடு சாப்பாடும் அவர்களிடம்தான். காலையில் இடியாப்பமும் சொதியும் வைக்கும்போது அவர்கள் எல்லாரும் ஓரம் தேய்ந்த மெலமைன் தட்டில் சாப்பிடுவார்கள். எனக்கு மட்டும் கண்ணாடி அலமாரியைத் திறந்து, நீலப் பூவும் தங்க விளிம்பும் போட்ட பீங்கான் தட்டு வரும். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பெருமையாக இருக்கும். வருடம் முழுக்க ஒவ்வொரு காலையும் அந்த அலமாரிக் கதவு கிறீச்சிடும்போது, நான் நேற்றுத்தான் வந்து இறங்கியவன் மாதிரியும் இன்று மாலை பெட்டியைத் தூக்கப் போகிறவன் மாதிரியும் ஒரு கிறக்கம் வரும். எதற்கு அக்கா இந்த மரியாதை என்று கேட்டால் ஒரே பதில்தான்.

“நீங்க பயணி எண்டல்லோ சொன்னனீங்கள், தம்பி.”

சொன்னது உண்மை. போன ரமலானில் முதல் ஐந்து நோன்பை ஊரில் பிடித்தேன். ஆறாம் நாள் விடியலில், சுபுஹுக்கு முன்பே வேனில் ஏறி, மதுரையில் விமானம் பிடித்து, கொழும்பில் வந்து விழுந்தேன். வெள்ளவத்தையில் தூரத்து உறவினரின் துணிக்கடையில் எனக்கு வேலை பேசியிருந்தது. பிரயாணத்தில் இருப்பவன் நோன்பை விடலாம், பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்பது மார்க்கத்தில் உள்ள சலுகை. அன்று தேநீர் கொண்டுவந்த ரீட்டா அக்கா, “நோன்போ?” என்று தயங்கி நின்றபோது, “நான் பயணி அக்கா, பயணிக்கு விலக்கு உண்டு” என்று கையை நீட்டினேன். அன்றைக்கு அது சரிதான். மறுநாளும் அதையே சொன்னேன். நாலாம் நாளிலிருந்து அவர் கேட்பதையே விட்டுவிட்டார். லன்ச் ஷீட்டில் சோறு கட்டி, பாவம் பயணத்தில் வந்த பிள்ளை என்று மீன் துண்டு ஒன்று கூடவும் வைத்தார். கடை ஸ்டோர் அறையில் சேலைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து நான் அதைச் சாப்பிட்டேன். ஓர் ஊரில் நாலு நாளுக்கு மேல் தங்குவது என்று நினைத்து வந்து இறங்கியவன் இறங்கியதிலிருந்தே பயணி இல்லை, அந்த ஊரில் தங்கியவன். இது எங்கள் ஊரில் மதரஸாவுக்கு மட்டம் போட்டவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கொழும்பில் தங்கியவன் என்று ஒப்புக்கொள்ள என் வயிற்றுக்கும் மனசில்லை, மனசுக்கும் மனசில்லை. அந்த வருடம் பெருநாள் பிறை இருபத்தொன்பதில் வந்தது. என் கணக்கில் இருபத்துநாலு நோன்பு விடுபட்டிருந்தது. விட்ட நோன்பைப் பிறகு பிடிப்பதற்குக் களா என்று பெயர். அடுத்த ரமலான் வருவதற்குள் பிடித்துவிட வேண்டும்.

உம்மாவிடம் பொய் சொன்னேன். எங்கள் வீட்டில் அது ஒரு வழக்கம்: ரமலான் பிறை தெரிந்ததும் உம்மா பிள்ளைகள் ஒவ்வொருத்தரையும் செல்லமாகக் கூப்பிட்டு, “களா மிச்சம் இரிக்கா வாப்பா?” என்று கேட்பார். இல்லை என்று சொன்னவர்களுக்குத்தான் தலையில் கை வைத்து ஓதிவிடுவார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்குப் போனபோதே கேட்டார். ஒரே ஒரு நோன்புதான், விமானத்தன்று விட்டது, அதையும் பிடித்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அன்று பகல் சாப்பாட்டுக்குச் சஹன் வைத்தார்கள். ஒரே பெரிய தட்டைச் சுற்றி மூன்று நாலு பேர் உட்கார்ந்து கை போட்டுச் சாப்பிடுவதுதான் எங்கள் வழக்கம். தம்பிகள் இரண்டு பேரும் வாப்பாவும் ஒன்றில் உட்கார்ந்துவிட, எனக்கு ஒரு தனித் தட்டு வந்தது. “நீ கொழும்பிலேர்ந்து வந்திருக்கே, நல்லா அள்ளிச் சாப்பிடு” என்றார் உம்மா. அந்தத் தட்டிலும் பூப் போட்டிருந்தது. கறி ருசியாகத்தான் இருந்தது. இரண்டு கவளத்தோடு கை கழுவ எழுந்துவிட்டேன்.

வெள்ளவத்தைக் கடையில் என்னோடு நிற்பவர் ரிஸ்மி நானா. மருதானைக்காரர். என்னைவிட நாலு வயது கூட. அண்ணனை இங்கே முஸ்லிம்கள் நானா என்பார்கள், நாங்கள் காக்கா என்போம். ரமலானுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே, ரஜபு பிறந்ததும், இந்த மனிதர் தயாராகத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு வாரமும் ஒரு பிளேன்டீயைக் குறைப்பார். காலை சிகரெட்டை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுவார். இப்படித் தள்ளித் தள்ளி, ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஃபான் முடியும்போது அது அந்தி மஃரிபுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ரயிலில் கதை இல்லை, குர்ஆன்தான். பள்ளிவாசலில் கஞ்சிக் கிடாரம் கழுவும் நாளுக்கு லீவு கேட்டு வைப்பார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“நானா, நோன்பு என்ன ஏர்போட்ல வந்து இறங்குற பெரிய ஆளா? ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே தோரணம் கட்டுறீங்க?”

“ஓம், பெரிய ஆள்தான். சும்மா ஆளா ஈந்தா ஒங்கள மாதிரி லேட்டா வந்து, வெள்ளனத்தோட போயிரும்.”

அவருடைய தயாரிப்பில் கடைசிப் பகுதி மன்னிப்புக் கேட்பது. ஷஃபான் பிறந்ததும், வருடத்தில் யார் யாரோடு முட்டிக்கொண்டாரோ அவர்கள் எல்லாரிடமும் போய் நிற்பார். இந்த முறை மாடியில் தைக்கிறவரிடம் கேட்டார், பக்கத்துக் கடை முதலாளியிடம் சிங்களத்தில் கேட்டார். ஐந்தாம் நாள் ஸ்டோர் அறைக்கு வந்து என் முன்னால் நின்றார். எந்தச் சண்டை என்று எனக்கு நினைவில்லை. நக்கலுக்குத் தயாராக வாயைத் திறந்தேன்.

“போன நோன்புல நீங்க இங்க ஒக்காந்து தின்னீங்க” என்றார். “பிரயாணத்துல ஈக்கிறேன்னு சொன்னீங்க. அது செல்லாதுன்னு எனக்குத் தெரியும். புதுசா வந்த ஆள், மனசு நோகும்னு வாய மூடிக்கிட்டு ஈந்தேன். அது என்ட பிழை. என்ன மன்னிச்சிருங்க.”

  சேலைக் கட்டுக்கு நடுவில் போன வருடத்து மீன் வாசம் அடிப்பது மாதிரி இருந்தது. அவர் போன பிறகு காலண்டரைப் பார்த்தேன். மறுநாள் ஷஃபான் ஆறு. ஆறிலிருந்து இருபத்தொன்பது வரை சரியாக இருபத்துநாலு நாள். ஒரு நாளும் பிசகக் கூடாது.

அன்று மாலையே ரீட்டா அக்காவிடம், நாளையிலிருந்து மதியச் சோறு வேண்டாம் என்றேன்.

“உங்கட நோன்பு இன்னும் தொடங்கேல்லையே?”

“இது போன வருசத்து நோன்பு அக்கா.”

“அப்ப பயணிக்கு விலக்கு எண்டது?”

“அது முதல் நாளைக்கு மட்டும்தான்.”

அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “நானும் யோசிச்சனான். சம்பலுக்கு உப்புக் காணாது எண்டு தினமும் சண்டை பிடிக்கிற பயணியை எங்கயும் கண்டதில்லை.” கோபம் இல்லை. ஆனாலும் மறுநாள் நோன்பு திறக்க வைத்ததும் அதே பீங்கான் தட்டில்தான். நான் சொன்னதை அவர் இன்னும் முழுசாக நம்பவில்லை போலும்.

ரமலானில் ஊரே சேர்ந்து பசித்திருக்கும். களா நோன்பில் நீ மட்டும்தான் பசித்திருப்பாய். கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகிற ரயிலில் வலது பக்கம் கடல். அந்த நாட்களில் கடல் எனக்குக் கொஞ்சம் உயரத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. மேகங்களுக்குக் கீழே யாரோ உப்புத்தாளைப் பிடித்து ஆட்டுவதுபோல். பிற்பகலில் கடைக்கு வருகிறவர்களின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். சேலையை விரித்துக் காட்டும்போது அந்த நிறத்துக்குள்ளேயே இறங்கிப் போய்விடலாம் என்று தோன்றும். ஊரில் எங்கள் வீட்டு முற்றமும், கொட்டாஞ்சேனை மாடிப்படியும் ஒரே இடமாகி, படியில் ஏறினால் முற்றத்துக்கு வந்துவிடுவேன். ஒருமுறை அந்த மயக்கத்தில் ஸ்டேஷனில் மீன் வைத்த மாலுபாண் வாங்கிப் பாதி தின்ற பிறகுதான் நோன்பு நினைவுக்கு வந்தது. மறந்து தின்றால் நோன்பு முறியாது. ரிஸ்மி நானாவிடம் சொன்னேன்.

“மறந்துதான் தின்னீங்களா?”

“வல்லாஹி மறந்துதான் நானா.”

“வேற யாரும் சொன்னா ஒடன நம்பியிருப்பேன்” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, “சரி, நம்புறேன்” என்றார். வருடம் முழுக்க விளையாட்டாகப் பேசியவனுக்கு உண்மையைச் சொல்லும்போது இவ்வளவு நேரம் பிடிக்கிறது.

பதினேழாம் நாளில்தான் பிசகியது. ஃபர்லான, அதாவது கடமையான நோன்புக்கு, களா என்றாலும், சுபுஹுக்கு முன்பே நாளை நோன்பு என்று நிய்யத் வைக்க வேண்டும். அன்று கடையிலிருந்து வந்து கட்டிலில் சாய்ந்தவன், கண் விழித்தபோது வெயில் ஜன்னலுக்குள் வந்திருந்தது. பட்டினியாகவே கடைக்குப் போய்ப் பேரம் பேசிப் பார்த்தேன்.

“மனசுல எப்பவும் நிய்யத் இருந்துக்கிட்டேதானே நானா இருக்கு?”

“ஒங்கட மனசுல ஊருக்குத் திரும்பிப் போற நிய்யத்தும் எப்பவும் ஈக்குதானே. போனீங்களா?”

அந்த நாள் போய்விட்டது. இருபத்தொன்பது முடியும்போது இருபத்துமூன்றுதான் ஆகும். பிறை தெரிந்துவிட்டால் மறுநாள் ரமலான். ஒன்று மிச்சம் நிற்கும். அதைப் பெருநாளுக்குப் பிறகு பிடிக்கலாம், தாமதத்துக்கு ஒரு ஏழைக்கு உணவும் கொடுத்தால் போதும். ஆனால் உம்மா கேட்கும்போது இந்த முறையாவது இல்லை என்று உண்மையாகச் சொல்ல நினைத்தேன். அதற்குப் பிறை தெரியாமல் இருக்க வேண்டும்; ஷஃபான் முப்பது நாளாக வேண்டும்.

நேற்று மாலை ரிஸ்மி நானாவும் நானும் தண்டவாளத்தைத் தாண்டி வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போனோம். பிறை தேடி இன்னும் பத்துப் பதினைந்து பேர் கல்லில் ஏறி நின்றார்கள். மேற்கே திட்டுத் திட்டாக மேகம். கொழும்பு முழுக்கப் பிறையைத் தேடும்போது நான் ஒருத்தன்தான் மேகத்துக்காக துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். நானாவுக்கு அது தெரியும். பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். மஃரிபு பாங்கு கேட்டது. இருபத்துமூன்றாவது நோன்பைத் திறந்தேன். மேகம் விலகவில்லை. அப்போது ஃபோன் அதிர்ந்தது. யாசீன் படம் அனுப்பியிருந்தான்: எங்கள் ஊர்க் கடற்கரை, நகத்தைக் கடித்துத் துப்பிய மாதிரி ஒரு பிறை. அடுத்து உம்மாவின் அழைப்பு.

“பிறை கண்டாச்சு. களா மிச்சம் இரிக்கா வாப்பா?”

அலைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். “ஒண்ணு இருக்கு உம்மா” என்றேன். பிறகு அந்த ஒன்றுக்குப் பின்னால் இருந்த இருபத்துமூன்றையும் சொன்னேன். ஸ்டோர் அறை, மீன் துண்டு எல்லாம். 

“நாளைக்கு ரமலான் ஆயிட்டே” என்றார் உம்மா கடைசியில்.

“இங்கே இன்னும் பிறை தெரியல உம்மா.”

 “நீ எந்தப் பிறையில இரிக்கே வாப்பா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரிந்ததும் சொல்லு என்று வைத்துவிட்டார்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கடல் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்கு இரண்டு பக்கமும் மாதம் இருந்தது, உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் மாதம் இல்லை. அந்தக் கரையில் இரவுத் தொழுகையான தராவீஹுக்கு வரிசையாக ஸஃப் கட்டிக்கொண்டிருப்பார்கள். இந்தக் கரை இன்னும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. கோட்டையில் இறங்கி பஸ் மாறி, கொட்டாஞ்சேனை வளைவில் திரும்பும்போது, முன் சீட்டில் யாருடைய ஃபோனிலோ அறிவிப்பு வந்தது: இலங்கையில் எங்கும் பிறை தென்படவில்லை, ஷஃபான் முப்பதாகப் பூர்த்தி செய்யப்படுகிறது. பஸ்ஸில் இருந்த ஒரு வயதானவர், “சே, இன்னொரு நாள்” என்றார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு உம்மாவுக்கு, ‘கொழும்புப் பிறையில்’ என்று அனுப்பினேன்.

ரீட்டா அக்கா வாசலில் நின்றார். செய்தி கேட்டிருக்கிறார்.

“காணேல்லையாம், என்ன? அப்ப நாளைக்கும் உண்டு.”

“ஓம் அக்கா. கடைசி.”

விடியுமுன் ஸஹருக்குச் சாப்பிட எடுத்துவைத்த சோற்றை மேசையிலிருந்து எடுத்துத் தந்தார். மஞ்சளாகிப் போன மெலமைன் தட்டு, ஓரத்தில் ஒரு வெட்டு. நான் தட்டையும் கண்ணாடி அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“என்ன பாக்கிறீங்கள்? அந்தப் பிளேட்டை பயந்து பயந்து கழுவி எனக்குக் கை நோகுது. இதைச் சாப்பிட்டு நீங்களே கழுவி வையுங்கோ.”

கழுவி வைத்தேன். நிய்யத் வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினேன். இப்போது ஷஃபான் முப்பதின் காலை. கீழே மெலமைன் தட்டு கவிழ்ந்து காய்கிறது. அங்கே என் வீட்டில் ரமலானின் முதல் நோன்பு, சஹனைச் சுற்றி ஓர் இடம் எப்போதும்போல் குறைந்திருக்கும். இங்கே எனக்குப் போன ரமலானின் கடைசி நோன்பு. இரண்டு கரையிலும் ஒரே நாள் பசித்திருக்கிறோம், வேறு வேறு வருடத்துக்கு. இதை எல்லாம் படமெடுத்து, நாலு பக்கம் ஆகிவிட்டது, மலரில் போட்டாலும் போடாவிட்டாலும் சரி, இன்றைக்கு இங்கே இன்னும் ரமலான் இல்லை மச்சான் என்று யாசீனுக்கு அனுப்பினேன். என்னை வாழ்க்கையில் ஒருமுறைகூட ‘நீங்க’ என்று கூப்பிடாதவன் அவன். பதில் உடனே வந்தது:

“உங்க ஊர்ல பிறை தெரிஞ்சா எங்களுக்கும் சொல்லுங்க, கொழும்புக்காரரே.”