சலாத்து வற்றல்

இப்போது கடைகளில் லெட்டூஸ் என்று விற்கிறார்களே, அந்தக் கீரையை நான் ஒரு காலத்தில் வற்றல் போட்டேன். சொன்னால் இந்தக் காலத்துப் பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுக்காரர் யாரும் ரங்கூனுக்குப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கவில்லை.

என் வீட்டுக்காரர் கல்யாணமான சூட்டோடு ரங்கூன் போய் அரிசி மில்லில் வேலை பார்த்தவர். இடையில் எப்போதாவது வந்து தலையைக் காட்டுவார். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, காடும் மலையுமாக நடந்து, ஆளே அடையாளம் தெரியாமல் எங்கள் ஊர் கோச்சடைக்கு வந்து சேர்ந்தார். காய்ச்சல் விட்ட பிறகும் சோறு இறங்கவில்லை. எதை வைத்தாலும் அளைந்துவிட்டுக் கையைக் கழுவிவிடுவார். அவரோடு அதே மில்லில் இருந்த சிநேகிதர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்தால் ரங்கூன் பேச்சுதான். “சண்ட முடியட்டும் மாப்ள, மொதக் கப்பல்ல ஏறிருவோம்” என்பார். இவரும், “பின்னே, இங்கன என்ன இருக்கு?” என்பார். அடுப்படியில் இருக்கும் எனக்கு அது காதில் விழும். இங்கே நான் ஒருத்தி இருக்கிறேனே, அது கணக்கில் சேராதா?

அந்தப் பேச்சில் அடிக்கடி அடிபட்டது ‘சலாத்து’, இப்போது லெட்டூஸ் என்கிறார்களே, அதுதான். பச்சைத் தழையைக் கையால் கிள்ளிப் போட்டு, வெங்காயம், வறுத்த கடலைப் பொடி, உப்பு சேர்த்து எலுமிச்சை பிழிந்து பிசைந்து தருவார்களாம். சோற்றைக் கண்டு முகம் சுளிக்கிற மனுஷன் ஒரு தழையை நினைத்து எச்சில் விழுங்கினார். அந்தத் தழை இங்கேயே கிடைத்துவிட்டால் எதற்குக் கப்பல் ஏறப்போகிறார் என்று என் புத்திக்குப் பட்டது. என் அண்ணன் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு துரை பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார். அவரிடம் விதை வாங்கி வந்து, கார்த்திகை மழை ஓய்ந்ததும் கிணற்றடியில் பாத்தி கட்டித் தூவினேன்.

தை மாதம் பாத்தி நிறைந்தது. முளைக்கீரை பிடுங்குகிற பழக்கத்தில் ஒரு செடியை வேரோடு பிடுங்கிவிட்டேன். பின்னாலிருந்து ஒரு சத்தம்: “ஏய், புடுங்காத பிள்ள! வெளி எலய மட்டும் ஒடி. குருத்த விட்டுரு, மறுபடி தழையும்.” ஊர் வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் அவ்வளவு நீளமாக என்னிடம் பேசியதில்லை. திட்டினாலும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

இலையை ஒடித்தால் பால் வடியும். என் மாமியாருக்கு அதைக் கண்டாலே ஆகாது. “ஏத்தா, எருக்கஞ்செடி கணக்கா பால் வடியிது, இதயா எம்மகன் பச்சையா திங்கப் போறான்?” என்று தலையில் அடித்துக்கொண்டார். மகனோ அதைப் பிசைந்து வைத்துக்கொண்டு ஒரு தட்டுச் சோற்றையும் சாப்பிட்டு எழுந்தார்.

வெயில் ஏறுமுன் ஒடித்தால்தான் இலை மொறுமொறுவென்று இருக்கும். மத்தியானத்துக்குள் வாடித் துவண்டுவிடும். முதலில் தண்ணீர் தெளித்துப் பானைக்குள் வைத்தேன், அழுகி நாறியது. அப்புறம்தான் பக்குவம் பிடிபட்டது. கழுவாமல், பனியை மட்டும் உதறிவிட்டு, நனைத்து இறுக்கிப் பிழிந்த பழைய வேட்டித் துணியில் சுற்றிப் புதுச் சட்டியில் வைப்பேன். தண்ணீர்ப் பானைக்கு அடியில் வைகை மணல் பரப்பியிருக்கும். பானை கசிந்து அது எப்போதும் ஈரமாகவே இருக்கும். அந்த மணலில் சட்டியைப் புதைத்துத் தட்டால் மூடிவிட்டால் மூன்று நான்கு நாள் தாங்கும். துணியைப் பிரிக்கும்போது எழும் அந்தக் குளிர்ந்த மணத்துக்காக இன்றும் ஏங்குகிறேன். இப்போது ஐஸ் பெட்டியைத் திறந்தால் ஒரு மணமும் வருவதில்லை.

பங்குனி வெயில் கடுத்ததும் செடிகள் தண்டு விட்டு நெட்டையாக வளர்ந்தன. இலையில் கசப்பு ஏறியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. தழை தீர்ந்தால் மனுஷனுக்கு மறுபடி கப்பல் ஞாபகம் வந்துவிடுமே! மோர்மிளகாய் போடுகிற வீட்டில் பிறந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? இருந்த இலையை எல்லாம் ஒடித்து, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, பாயில் பரப்பிக் காயப்போட்டேன். ஒரு பாய் நிறையப் போட்டது ஒரு கைப்பிடி ஆனது. பார்க்கப் புகையிலை மாதிரி இருந்தது.

சித்திரையில் ஒரு நாள் அதை எண்ணெயில் போட்டேன். போட்ட வேகத்தில் கருகி வீடெல்லாம் புகை. மிஞ்சியதைக் கஞ்சிக்குப் பக்கத்தில் வைத்தேன். “என்னது இது?” என்றார். “ஒங்க சலாத்துதான். வத்தல் போட்டேன்.”

வாயில் போட்டார். அது தூளாகிப் போயிற்று. என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாமியார் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். எனக்கு வந்ததே கோபம். “சிரிங்க, நல்லாச் சிரிங்க! எல பூரா தீந்து போச்சு. இனி இங்கன என்ன இருக்குன்னு கப்பல் ஏறிருவீக. அதுக்குத்தான் இம்புட்டுப் பாடும் பட்டேன்” என்று அழுதுவிட்டேன்.

சிரிப்பு நின்றது. அந்தக் கரிந்த வற்றலை மிச்சம் வைக்காமல் தின்று முடித்தார். பிறகு கிணற்றடிக்குப் போனார். ஓரத்தில் பூத்துப் பஞ்சு கட்டியிருந்த செடிகளை உருவி, உள்ளங்கையில் கசக்கி ஊதி, விதையைக் கொண்டுவந்து என் கையில் கொட்டினார். “சாம்பல்ல பெரட்டி வையி” என்றார். அவ்வளவுதான். போவேன் என்றும் சொல்லவில்லை, இருப்பேன் என்றும் சொல்லவில்லை. வருஷா வருஷம் கார்த்திகையில் அந்த விதையைப் போட்டேன், அந்தப் பயத்தோடேயே போட்டேன்.

சண்டை முடிந்து கப்பலும் விட்டார்கள். மார்கழிக் காலையில் சிநேகிதர் புதுத் தகரப் பெட்டியோடு கிணற்றடிக்கே வந்து நின்றார். “மாப்ள, கெளம்பிட்டேன். வாரியா இல்லியா?”

நான் தண்ணீர்க் குடத்தோடு பாத்தி ஓரத்தில் நின்றிருந்தேன். இவர் பாத்தியில் குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: “நாத்து நெருக்கமாக் கெடக்கு மாப்ள, பிரிச்சு நடணும். நீ போயிட்டு வா.”

சிநேகிதர் போய்விட்டார். இவர் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார்.

“தண்ணிய நாத்துக்கு ஊத்து பிள்ள. எம்புட்டு நேரமா ஒன் கால்லயே ஊத்திக்கிட்டு நிக்கிற?”