வேட்டு இல்லாத ஊர்வலம்

அவனியாபுரத்தில் எங்கள் ஆய்வுக்கூடம் இருக்கும் தெரு வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். அன்று தானியங்கி நுண்ணோக்கி, அணுத்துகள்களின் தடம் பதிந்த பிலிம் தகடு ஒன்றை அடுக்கடுக்காகப் படமெடுத்துக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்தினால் தகட்டின் படலம் சுருங்கிவிடும். எடுத்த பாதியோடு மீதி பொருந்தாது. அப்படி இன்னொரு தகடு எங்களிடம் இல்லை.

தூரத்தில் ஒரு வேட்டு வெடித்தது. திரையில் தடங்கள் துள்ளி மங்கித் திரும்பத் தெளிந்தன. அடுத்த வேட்டு இன்னும் கிட்டத்தில் கேட்டது. வாசலில் வெடித்தால் எல்லாம் போச்சு.

வெளியே ஓடினேன். பாடைக்கு முன்னால் கொள்ளிச்சட்டியோடு மகன் வந்துகொண்டிருந்தார். மறித்து நின்ற என்னை மேளக்காரர்கள் முறைத்தார்கள்.

“அண்ணே, உள்ள ஒரு மிஷின் ஓடுது. அதிர்ந்தா பல மாச வேலை வீணாப் போயிரும். இந்தத் தெரு தாண்டுற வரைக்கும் வேட்டு வேணாம்ணே.” கேட்கும்போதே நாக்குக் கூசியது.

“எழவு ஊர்வலத்துல வந்து கேக்குற பேச்சாம்மா இது?” என்றார் கூட வந்த ஒருவர்.

மகன் என்னையே பார்த்தார். “எங்கப்பாவுக்கு வேட்டுச் சத்தமே ஆகாதும்மா. ஊருக்காகத்தான் போடுறோம்.” பிறகு திரும்பி, “மேளத்தையும் நிறுத்துங்கப்பா,” என்றார்.

நான் உள்ளே ஓடினேன். வெளியே காலடிச் சத்தம் மட்டும் கடந்து போனது. திரையில் கோடுகள் அசையவே இல்லை.

பாடையில் இருந்தவர் முகத்தை ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. இப்போதெல்லாம் எங்கே வேட்டுச் சத்தம் கேட்டாலும் நின்று, போகிறவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.